குளவி எழுப்பிய கேள்வி

எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியின் மூலையில் ஒரு குளவி கூடு கட்டியிருக்கிறது. மண்ணைக் குழைத்துச் சிறு சிறு உருண்டைகளாகக் கொண்டுவந்து ஒட்டி, இரண்டே நாளில் அறையை முடித்துவிட்டது. ஒட்டடைக் கோலை எடுத்துக்கொண்டு வந்த என் மனைவியும் அதைப் பார்த்ததும் கோலைத் தாழ்த்திவிட்டாள். குளவி கூடு கட்டிய வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது நம் பெண்மணிகளின் நம்பிக்கை அல்லவா?

குளவியைப் பற்றி என் பாட்டி ஒரு கதை சொல்லுவாள். குளவி எங்கிருந்தோ ஒரு புழுவைத் தூக்கிக்கொண்டு வருமாம். அதைக் கூட்டுக்குள் அடைத்துக் கொட்டுமாம். கொட்டிவிட்டு அதன் காதில் ரீங்காரம் செய்யுமாம். புழு அந்த வலியிலும் அந்த நாதத்திலும் குளவியையே நினைத்து நினைத்து, கடைசியில் ஒரு நாள் தானே குளவியாகி, கூட்டை உடைத்துக்கொண்டு பறந்து போய்விடுமாம். குரு சீடனைக் கடிந்துகொள்வதும் இப்படித்தான் என்று பாட்டி முடிப்பாள். இது பாட்டியின் சொந்தக் கற்பனையல்ல. ‘பிரமர கீட நியாயம்’ என்று வேதாந்திகள் வெகு காலமாகச் சொல்லி வரும் உவமை.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு கூட்டை உடைத்துப் பார்த்துவிட்டேன். உள்ளே ஐந்தாறு பச்சைப் புழுக்கள் கிடந்தன. செத்தவை அல்ல, குச்சியால் தொட்டால் உடம்பு இலேசாகச் சிலிர்த்தது. ஆனால் அவற்றால் நகர முடியவில்லை. அவற்றின் நடுவே வெள்ளை வெளேரென்று கொழுத்த வேறொரு புழு, அசையாமல் கிடந்த ஒன்றைத் தின்றுகொண்டிருந்தது. அதுதான் குளவியின் குஞ்சு. தாய்க் குளவி கொட்டியது ஞானம் கொடுப்பதற்காக அல்ல. இரை அழுகாமலும் ஓடாமலும் இருப்பதற்காக.

ஓடிப்போய்ப் பாட்டியிடம் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “உன்னை யாருடா கூட்டை உடைக்கச் சொன்னது?” என்றாள்.

என்னைப் போலவே கூட்டை உடைத்துப் பார்த்த ஒரு பெரிய மனிதரின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். 1860-ஆம் வருஷம் மே மாதம் 22-ஆம் தேதி, இங்கிலாந்தில் கெண்ட் மாகாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அவர் அமெரிக்காவிலுள்ள தம் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதியவர் சார்லஸ் டார்வின். பெற்றவர் ஹார்வர்டு சர்வகலாசாலையில் தாவர சாஸ்திரப் பேராசிரியராக இருந்த ஆசா கிரே. உயிருள்ள கம்பளிப் புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு, தன் குஞ்சுகள் அதை உள்ளிருந்தே தின்னும்படி செய்யும் இக்நியூமன் என்ற ஒரு வகைக் குளவியைப் பற்றி அந்தக் கடிதத்தில் பேச்சு வந்தது. கருணையும் சர்வ வல்லமையும் கொண்ட ஒரு கடவுள் இப்படியொரு பிராணியை வேண்டுமென்றே திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லையே என்று டார்வின் தம் நண்பரிடம் மனம் விட்டுச் சொன்னார்.

நண்பர் அதை நம்பினவர். ஆழ்ந்த தெய்வ பக்தி உள்ளவர். அதே சமயத்தில், டார்வினுடைய கொள்கைக்காக அமெரிக்காவில் முதன்முதலில் வாதாடியவரும் அவர்தான். இந்த இருவருக்கும் நடந்த வழக்கு விசித்திரமானது. இதில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதைவிட, இருவரும் எப்படி வாதாடினார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வழக்கின் மூலம் இன்னும் பழையது. 1802-ஆம் வருஷத்தில் வில்லியம் பேலி என்ற பாதிரியார் ‘இயற்கை இறையியல்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஒரு வெட்டவெளியில் நடந்து போகும்போது காலில் ஒரு கல் தட்டினால், அது எப்படி வந்தது என்று நாம் யோசிப்பதில்லை. ஆனால் ஒரு கடிகாரம் கிடந்தால்? அதன் சக்கரங்களும் வில்லும் முள்ளும் ஒன்றுக்கொன்று பொருந்தி நேரம் காட்டுவதைப் பார்த்தவுடன், இதைச் செய்தவன் ஒருவன் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறோம். அப்படியானால் கடிகாரத்தைவிட ஆயிரம் மடங்கு நுட்பமான கண்ணைப் படைத்தவன் ஒருவன் இருக்க மாட்டானா? இதுதான் பேலியின் வாதம்.

இதைக் கேட்டு யாரும் சிரித்துவிட முடியாது. அந்தக் காலத்தில் இதற்கு மாற்றாகச் சொல்லக் கூடியது ‘எல்லாம் தற்செயல்’ என்பது ஒன்றுதான். தற்செயலாகக் கண் உண்டாயிற்று என்பதைவிட, ஒருவன் செய்தான் என்பதே புத்திக்கு ஒத்ததாக இருந்தது. கேம்பிரிட்ஜில் பாதிரியார் உத்தியோகத்துக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞர் டார்வினுக்கும் அப்படித்தான் தோன்றிற்று. பேலி படித்த அதே கிறைஸ்ட்ஸ் கல்லூரியில்தான் அவரும் படித்தார். பேலியின் தர்க்கம் தமக்கு யூக்லிட்டின் கணிதத்தைப் போல இன்பம் தந்தது என்று வயதான பிறகும் அவர் நினைவுகூர்ந்தார். பிற்காலத்தில் பேலியின் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டவர், இளமையில் அதைக் காதில் வைத்து ரசித்தவர்தான்.

1831-ஆம் வருஷம் டிசம்பர் 27-ஆம் தேதி ‘பீகிள்’ என்ற கப்பலில் டார்வின் புறப்பட்டார். திரும்பி வர ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆயிற்று. தென்னமெரிக்கக் கரையிலிருந்து வெகு தூரத்திலுள்ள காலபகோஸ் தீவுகளில், தீவுக்குத் தீவு சிறிது சிறிது மாறுபட்ட பறவைகளை அவர் கண்டார். எல்லாம் தென்னமெரிக்கப் பறவைகளுக்கு உறவுக்காரர்கள் போலவே இருந்தன. ஒவ்வொரு தீவுக்கும் கடவுள் தனித்தனியாகப் பறவை செய்தார் என்றால், அவற்றுக்குப் பக்கத்துக் கண்டத்தின் முகஜாடை எதற்கு? ஊர் திரும்பியபின் இந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1838-இல் மால்தஸ் ஜனத்தொகையைப் பற்றி எழுதிய நூலைப் படித்தபோது விடை பளிச்சிட்டது.

விடை எளியது. எந்தப் பிராணியும் பிழைக்கக் கூடியதைவிட அதிகமாகக் குட்டி போடுகிறது. குட்டிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஒன்றுக்கொன்று சிறிது பேதம் உண்டு. பேதங்களில் சில பிழைப்புக்கு உதவும், சில உதவா. உதவும் பேதம் உள்ளவை அதிகமாகப் பிழைத்து, அதைத் தம் சந்ததிக்குக் கொடுக்கும். இப்படி லட்சக்கணக்கான தலைமுறை நடந்தால் உருவமே மாறிவிடும். இதற்கு ‘இயற்கைத் தேர்வு’ என்று பெயர் கொடுத்தார். தற்செயலும் அல்ல, கைவினைஞனும் அல்ல. மூன்றாவது வழி ஒன்று உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. பேதங்கள் உண்டாவதில் தற்செயல் இருக்கலாம்; அவற்றைச் சலித்து எடுக்கும் சல்லடையில் தற்செயல் இல்லை.

கண்டுபிடித்தவர் உடனே தெருவில் இறங்கிக் கூவவில்லை. ஏறக்குறைய இருபது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தார். கடலடிப் பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டிக்கொண்டு வாழும் கொட்டலசுகளை எட்டு வருஷம் ஆராய்ந்தார். புறா வளர்ப்பவர்களின் சங்கத்தில் சேர்ந்து அவர்களோடு உட்கார்ந்து பேசினார். மனைவி எம்மா தெய்வ நம்பிக்கை மிகுந்தவள். மறு உலகில் கணவரைப் பிரிய நேருமோ என்ற கவலையைக் கல்யாணமான புதிதிலேயே கடிதமாக எழுதிக் கொடுத்தாள். அதை டார்வின் பத்திரமாக வைத்திருந்தார். 1844-இல் தம் கொள்கையை விரிவாக எழுதி முடித்தபோது, தாம் திடீரென்று இறந்துவிட்டால் அதை 400 பவுன் செலவிட்டு அச்சேற்ற வேண்டும் என்ற பொறுப்பையும் அந்த எம்மாவிடமே ஒப்படைத்தார். நாவல் எழுதுகிற எனக்கு இந்த ஒரு சம்பவமே போதும், அந்தத் தம்பதியைப் புரிந்துகொள்ள.

1851-இல் அந்த வீட்டில் ஓர் இடி விழுந்தது. மூத்த மகள் ஆனிக்குப் பத்து வயது. வீட்டுக்குச் செல்லம். அவளுக்கு நோய் கண்டு, மால்வெர்ன் என்ற ஊருக்கு நீர்ச் சிகிச்சைக்காக அழைத்துப் போனார்கள். எம்மா நிறை கர்ப்பிணி. உடன் போக முடியவில்லை. தகப்பனார் மட்டும் படுக்கையருகே இருந்து, குழந்தையின் ஒவ்வொரு நாழிகையையும் மனைவிக்குக் கடிதத்தில் எழுதி வந்தார். ஏப்ரல் 23-ஆம் தேதி ஆனி கண்ணை மூடினாள். ஒரு வாரம் கழித்து, மறந்துவிடப் போகிறோமே என்று பயந்தவரைப் போல, அவளுடைய சிரிப்பையும் நடையையும் சுபாவத்தையும் டார்வின் தமக்காக எழுதி வைத்துக்கொண்டார். குழந்தையின் சிறு எழுதுபெட்டியைத் தாய் கடைசிவரை காப்பாற்றினாள்.

இந்தச் சாவினால்தான் டார்வினின் நம்பிக்கை போயிற்று என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். மனித மனம் அப்படி ஒரே நாளில் ஒரே காரணத்தால் மாறுவதில்லை. அவருடைய நம்பிக்கை பல வருஷங்களாகத் தேய்ந்துகொண்டுதான் வந்தது. ஆனால் 1860-இல் கம்பளிப் புழுவைப் பற்றி அவர் எழுதிய வரிகளைப் படிக்கும்போது, அவை வெறும் பூச்சி சாஸ்திரம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்றும் அறியாத ஒரு சிறு பிராணி எதற்காகத் துன்பப்பட வேண்டும் என்று கேட்கிறவர், அந்தக் கேள்வியை ஏற்கெனவே ஒரு கட்டிலின் அருகில் கேட்டுப் பார்த்தவர்.

இனி நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆசா கிரே 1810-இல் நியூயார்க் மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். தகப்பனார் தோல் பதனிட்டும் பயிர் செய்தும் பிழைத்தவர். மகன் வைத்தியம் படித்துவிட்டு, நாடி பார்ப்பதைவிடச் செடி பார்ப்பதே மேல் என்று தாவர சாஸ்திரத்துக்கு வந்துவிட்டார். 1842 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். அமெரிக்கத் தாவரங்களைப் பற்றிக் கடைசி வார்த்தை அவருடையது என்ற பெயர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்.

1855-இல் அமெரிக்க மலைச் செடிகளைப் பற்றிச் சில விவரங்கள் கேட்டு டார்வின் அவருக்கு எழுதினார். கேள்விகள் ஒன்றுக்குப் பத்தாகப் பெருகின; கிரே சளைக்காமல் பதில் எழுதினார். இவரை நம்பலாம் என்று தோன்றியதும், 1857-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ஆம் தேதி தம் ரகசியம் முழுவதையும் சுருக்கி எழுதி அனுப்பினார் டார்வின். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அடுத்த வருஷம் ஜூன் மாதத்தில், மலேயாத் தீவுகளில் பூச்சி சேகரித்துக்கொண்டிருந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்பவர் அதே கொள்கையைத் தாமாகவே கண்டுபிடித்து, டார்வினுக்கே எழுதி அனுப்பினார். டார்வின் திகைத்துப் போனார். 1858 ஜூலை 1-ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்துக்களையும் சேர்த்தே படித்தார்கள். டார்வின் இதைப் பல காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார் என்பதற்குச் சாட்சியாக அங்கே படிக்கப்பட்டவற்றுள் ஒன்று கிரேக்கு எழுதிய அந்தக் கடிதத்தின் பகுதி. டார்வின் அங்கே வரவில்லை. மூன்று நாளுக்கு முன்புதான் அவருடைய கைக்குழந்தை ஒன்று விஷக் காய்ச்சலில் இறந்திருந்தது.

ரகசியம் வெளிப்பட்டபின் கிரே சும்மா இருக்கவில்லை. ஹார்வர்டிலேயே அவருக்கு ஒரு பெரிய எதிராளி இருந்தார். ஸ்விட்ஸர்லாந்திலிருந்து வந்த லூயி அகாசி. பனியுகம் ஒன்று இருந்தது என்பதை உலகத்துக்கு நிரூபித்த மேதை. ஒவ்வோர் இனத்தையும் அது வாழும் இடத்திலேயே கடவுள் தனியாகப் படைத்தார் என்பது அகாசியின் முடிவு. கிரேயின் கையில் அப்போது ஜப்பான் தேசத்துச் செடிகள் கிடைத்திருந்தன. பிரித்துப் பார்த்தவருக்கு ஓர் ஆச்சரியம். கிழக்கு அமெரிக்கச் செடிகள் பல, பக்கத்திலுள்ள மேற்கு அமெரிக்காவில் இல்லாமல், உலகத்தின் மறுபக்கத்திலுள்ள ஜப்பானில் உறவு கொண்டாடின. நம் செண்பகத்துக்குச் சொந்தமான மக்னோலியாக்கள் இரண்டு இடத்திலும் உண்டு. ஜின்செங் என்ற மருந்துச் செடியும் அப்படியே. முன்னொரு காலத்தில் வடக்கே ஒரே காடாக இருந்து, குளிர் வந்தபோது இரு கூறாகப் பிரிந்து தெற்கே இறங்கிய ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் இவை என்றார் கிரே. 1859-ஆம் வருஷத் தொடக்கத்தில் பாஸ்டன் பண்டிதர் சபையில் அகாசியை நேருக்கு நேர் எதிர்த்து வாதாடினார். அகாசியின் சொந்தச் சொத்தான பனியுகத்தையே அவருக்கு எதிராக உபயோகித்தது அந்த வாதத்தின் அழகு.

அந்த வருஷம் நவம்பர் 24-ஆம் தேதி ‘உயிரினங்களின் தோற்றம்’ லண்டனில் வெளியாயிற்று. அடித்த 1,250 பிரதிகளுக்கும் முதல் நாளே வியாபாரிகளிடமிருந்து கிராக்கி வந்துவிட்டது. அமெரிக்காவில் அன்னிய ஆசிரியருக்குச் சட்டப்படி எந்த உரிமையும் இல்லாத காலம் அது. கிரே ஒரு பிரசுரகர்த்தருடன் பேசி டார்வினுக்கு ஒரு பங்கு கிடைக்கும்படி செய்தார். தாமே நீண்ட மதிப்புரையும் எழுதினார். இது நாஸ்திகப் புத்தகம் என்று பாதிரிமார்கள் கூச்சலிட்டபோது, ‘அட்லாண்டிக்’ மாதப் பத்திரிகையில் மூன்று கட்டுரைகள் எழுதிப் பதில் சொன்னார்.

அவர் சொன்ன சமாதானம் நம் நாட்டு விவசாயிக்குச் சுலபமாக விளங்கும். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்வது இயற்கை விதி. ஆனால் அது வாய்க்கால் வழியாக வயலுக்குப் போய்ச் சேருகிறதென்றால், வாய்க்கால் வெட்டியவன் ஒருவன் உண்டு. அதுபோல இயற்கைத் தேர்வு நடப்பது வாஸ்தவம். ஆனால் உயிர்களில் உண்டாகும் பேதங்களை நல்ல திசைகளில் செலுத்துகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று ஏன் நம்பக் கூடாது? படைப்பு ஒரே நாளில் நடந்தால்தான் படைப்பா? மெல்ல நடந்தால் படைப்பாகாதா?

டார்வினுக்கு இந்தக் கட்டுரைகள் மிகவும் பிடித்துப் போயின. அவற்றை லண்டனில் சிறு புத்தகமாகக் கொண்டுவர ஏற்பாடு செய்து பலருக்கும் அனுப்பி வைத்தார். ஆனால் ஒப்புக்கொண்டாரா? இல்லை. அங்கேதான் கடிதப் போர் ஆரம்பித்தது.

மரத்தடியில் நின்ற ஒரு நல்ல மனிதன் இடி விழுந்து சாகிறான். கடவுள் இவனைக் கொல்லவே இடியை அனுப்பினார் என்று சொல்லுவீர்களா? பெரும்பாலோர் சொல்லுவார்கள், என்னால் முடியாது. ஒரு தகைவிலான் குருவி பறக்கும்போது ஒரு கொசுவைக் கவ்வுகிறது. அந்தக் குருவி அந்தக் கொசுவை அந்த நொடியில் கவ்வ வேண்டும் என்பது திட்டமா? மனிதன் சாவும் கொசுவின் சாவும் திட்டமில்லை என்றால், அவற்றின் பிறப்பு மட்டும் ஏன் திட்டமாக இருக்க வேண்டும்? இப்படிக் கேட்டுவிட்டு, டார்வின் மறு பக்கத்திலேயே தயங்குவார். இந்த அற்புதமான உலகம், முக்கியமாக மனித இயல்பு, வெறும் குருட்டு வேகத்தால் வந்தது என்றும் என்னால் திருப்தியடைய முடியவில்லை என்பார். இது நம் அறிவுக்கு எட்டாத விஷயம். நியூட்டனின் மனத்தைப் பற்றி ஒரு நாய் ஆராய்வது போலத்தான் என்று முடிப்பார்.

அவருக்குச் சங்கடம் ஒன்று இருந்தது. பேலியின் கண். கண்ணை நினைத்தாலே ஒரு காலத்தில் தமக்குக் குளிர் நடுக்கம் கண்டது என்று நண்பரிடம் ஒப்புக்கொண்டார். ஆனால் 1862-இல் ஆர்கிட் மலர்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் பேலிக்கு ஒரு பக்கவாட்டுத் தாக்குதல். மகரந்தத்தைப் பூச்சியின் மேல் ஒட்டவைக்க அந்தப் பூக்கள் செய்யும் தந்திரங்களைப் பார்த்தால் பேலியே பரவசப்படுவார். டார்வின் அவற்றைப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் சாதாரணப் பூவிலுள்ள பழைய உறுப்புக்களே. வேறு வேலைக்குத் திருப்பிவிடப்பட்டவை. நம் வீடுகளில் பழைய புடவை தூளியாகிறது; தூளி கிழிந்தால் தலையணை உறையாகிறது; அதுவும் கிழிந்தால் கரித்துணியாகிறது. கரித்துணியின் ஓரத்தில் இன்னும் சரிகைக் கரை தெரியும். கடையில் வாங்கிய கரித்துணிக்குச் சரிகை இராது. உயிர்களின் உடலிலும் டார்வின் கண்டது இந்தச் சரிகைக் கரையைத்தான்.

அந்தப் புத்தகத்தில் ஒரு தீர்க்கதரிசனமும் இருந்தது. மடகாஸ்கர் தீவிலுள்ள ஓர் ஆர்கிட் பூவின் தேன்குழாய் பதினோரு அங்குலத்துக்கு மேல் நீளம். அடியில் மட்டுமே தேன். இதற்கேற்ற நீளமான நாக்குள்ள அந்துப்பூச்சி ஒன்று அங்கே இருக்க வேண்டும் என்றார். பூச்சியியல்காரர்கள் சிலர் சிரித்தார்கள். 1903-இல், அவர் இறந்து இருபத்தொரு வருஷம் கழித்து, அத்தகைய அந்துப்பூச்சிக்கு விஞ்ஞானிகள் பெயர் சூட்டினார்கள்.

1868-இல் டார்வின் தம் நண்பரை எதிர்த்துப் பகிரங்கமாகவே எழுதிவிட்டார். பழக்கப்பட்ட பிராணிகளையும் செடிகளையும் பற்றிய பெரிய நூலின் கடைசிப் பக்கங்களில் அது வருகிறது. மலையடிவாரத்தில் உதிர்ந்து கிடக்கும் பாறைத் துண்டுகளைப் பொறுக்கி ஒரு கொத்தன் வீடு கட்டுகிறான். வீடு அழகாக அமைகிறது. ஆனால் ஒவ்வொரு துண்டும் அந்த வடிவத்தில் உடைந்தது அவனுடைய வீட்டுக்காகத்தானா? தொண்டை உப்பும் புறாவை மனிதன் வேடிக்கைக்காக வளர்த்து எடுத்தான். காளையின் மேல் பாய்ந்து கடித்துத் தொங்கும் நாயைக் கொடூர விளையாட்டுக்காக வளர்த்து எடுத்தான். அதற்கு வேண்டிய பேதங்களையும் கடவுள்தான் திட்டமிட்டு அனுப்பினார் என்று சொல்ல முடியுமா? முடியாதென்றால் மற்றவற்றை மட்டும் எப்படிச் சொல்லுவது? எவ்வளவு ஆசை இருந்தாலும் பேராசிரியர் கிரேயைப் பின்பற்ற முடியவில்லை என்று பெயர் சொல்லியே எழுதினார். விதியா, மதியா என்ற பழைய வழக்கைப் போல இதுவும் தீராத சிக்கல் என்று ஒப்புக்கொண்டு நூலை முடித்தார்.

இதற்குப் பிறகு நட்பு முறிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நம் ஊர் இலக்கிய உலகமாக இருந்தால் முறிந்துதான் இருக்கும். ஒரு மதிப்புரைக்காகப் பத்து வருஷம் பேசாமல் இருப்பவர்களை நான் அறிவேன். அதே 1868-ஆம் வருஷத்து இலையுதிர் காலத்தில் கிரே தம் மனைவியுடன் கடல் கடந்து வந்து டார்வின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கினார். கொடிகளின் பற்றுக் கம்பி சுழலுவதைப் பற்றிக் கிரே எழுதிய ஒரு சிறு குறிப்பிலிருந்துதான் டார்வினுடைய கொடிகள் ஆராய்ச்சி முழுவதும் பிறந்தது. 1877-இல் டார்வின் தம் தாவர நூல் ஒன்றை ஆசா கிரேக்கே சமர்ப்பணம் செய்தார். ஒருவன் தெய்வ பக்தனாகவும் பரிணாமவாதியாகவும் இருக்க முடியுமா என்று யாரோ கேட்டபோது, சந்தேகமென்ன, ஆசா கிரே இல்லையா என்று பதில் எழுதினார். 1882-இல் டார்வினும் 1888-இல் கிரேயும் காலமானார்கள். கடைசிவரை ஒருவர் மற்றவரை மாற்றவில்லை.

கதை அத்தோடு முடிந்திருக்கலாம். பேலியின் கடிகாரம் மறுபடியும் ஒரு நாள் ஓட ஆரம்பித்தது. சிருஷ்டிக் கொள்கையை விஞ்ஞானம் என்று பள்ளியில் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று 1987-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதன் பிறகு ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற புதுப் பெயர் பிரபலமாயிற்று. மைக்கேல் பீஹி என்ற உயிர்வேதியியல் பேராசிரியர் 1996-இல் எழுதிய நூலில், பாக்டீரியா என்ற நுண்ணுயிர் நீந்துவதற்கு உபயோகிக்கும் சுழலும் வாலை எடுத்துக் காட்டினார். எலிப்பொறியில் ஒரு பாகத்தை எடுத்துவிட்டால் அது எலி பிடிக்காது. அதுபோல இந்த வாலில் ஒரு பாகம் குறைந்தாலும் வேலை செய்யாது. ஆகவே இது படிப்படியாக வந்திருக்க முடியாது என்றார்.

2004-இல் பென்சில்வேனியா மாகாணத்தில் டோவர் என்ற சிற்றூரின் பள்ளி நிர்வாகக் குழு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கொள்கையைச் சிபாரிசு செய்யும் அறிக்கை ஒன்றைப் படித்துக் காட்ட வேண்டும் என்று தீர்மானித்தது. விஞ்ஞான ஆசிரியர்கள் படிக்க மறுத்துவிட்டார்கள். பெற்றோர் பதினொருவர் வழக்குத் தொடர்ந்தார்கள். 2005 செப்டம்பர் 26-ஆம் தேதி ஹாரிஸ்பர்க் நகரில் விசாரணை தொடங்கியது.

பெற்றோர் தரப்பின் முதல் நிபுணராகச் சாட்சிக் கூண்டில் ஏறியவர் கென்னத் மில்லர். பிரவுன் சர்வகலாசாலைப் பேராசிரியர். நாஸ்திகர் அல்ல, கத்தோலிக்கர். ஆசா கிரேயின் இடத்தில் வந்து நின்றவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. பாக்டீரியா வாலின் அடிப்பாகத்தில் உள்ள சில உறுப்புக்கள் மட்டுமே வேறு சில பாக்டீரியாக்களில் விஷத்தைச் செலுத்தும் ஊசியாக வேலை செய்வதை அவர் எடுத்துக் காட்டினார். எலிப்பொறியில் இரண்டு பாகங்களைக் கழற்றிவிட்டால் எலி பிடிக்காதுதான். ஆனால் கழுத்துப் பட்டைக்குக் கிளிப்பாக மாட்டிக்கொள்ளலாமே என்பது அவருடைய பிரசித்தமான வேடிக்கை. மறுபடியும் பழைய புடவையும் தூளியும்தான்! சிபாரிசு செய்யப்பட்ட பாடநூலின் பழைய கையெழுத்துப் பிரதிகளும் கோர்ட்டுக்கு வந்தன. 1987 தீர்ப்புக்கு முந்திய பிரதிகளில் ‘சிருஷ்டி’ என்று இருந்த இடத்திலெல்லாம் பிந்திய பிரதியில் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்று மாற்றியிருந்தது தெரிந்துவிட்டது. சரிகைக் கரை அங்கேயும் காட்டிக் கொடுத்தது.

டிசம்பர் 20-ஆம் தேதி நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பு வழங்கினார். இந்தக் கொள்கை விஞ்ஞானம் அல்ல, மதத்தைச் சேர்ந்தது. அரசாங்கப் பள்ளியின் விஞ்ஞான வகுப்பில் இதற்கு இடமில்லை என்றார். கடவுள் இல்லை என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. அது எந்தக் கோர்ட்டின் அதிகார எல்லைக்கும் உட்பட்டதல்ல.

பேலியின் கண் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வெளிச்சம் இருட்டு மட்டும் அறியும் வெறும் புள்ளி, சிறு குழியாகக் குழிந்த கண், ஊசித் துவாரம் மட்டுமுள்ள கண், வில்லை உள்ள கண் என்று எல்லாப் படிகளும் இன்றும் உயிரோடிருக்கும் பிராணிகளிலேயே உள்ளன. நாட்டிலஸ் என்ற கடற்பிராணிக்கு வில்லையே கிடையாது, துவாரம்தான். 1994-இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் இருவர், தட்டையான தோல்திட்டு ஒன்று மீனின் கண்ணைப் போல ஆவதற்கு எத்தனை தலைமுறை வேண்டும் என்று கணக்கிட்டார்கள். தாராளமாகக் கணக்கிட்டும் நான்கு லட்சத்துக்குள் அடங்கிற்று. பிராணிகளின் சரித்திரமோ ஐம்பது கோடி வருஷத்துக்கு மேற்பட்டது. நம் கண்ணில் ஒரு தையல் பிசகும் உண்டு. ஒளியை உணரும் அணுக்களுக்கு முன்னால் நரம்புகள் படர்ந்து, ஓர் இடத்தில் துளைத்துக்கொண்டு பின்னால் போகின்றன. அந்த இடத்தில் நமக்குப் பார்வை இல்லை. எண்காலிக் கணவாய்க்கு அந்தக் குறை இல்லை. திட்டமிட்ட தச்சன் ஒருவனே இரண்டையும் செய்திருந்தால், நம்மைவிடக் கணவாயிடம் அவனுக்குப் பிரியம் அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகையால் உயிர்கள் எப்படி உருவாயின என்ற கேள்வியில் எனக்குச் சந்தேகம் இல்லை. டார்வின் சொன்னதே சரி. ஆனால் குளவி எழுப்பியது அந்தக் கேள்வி மட்டும் அல்லவே! புழு ஏன் துன்பப்பட வேண்டும்? ஆனி ஏன் பத்து வயதில் போக வேண்டும்? திட்டம் என்று சொன்னால் அந்தத் திட்டத்துக்கு இதையும் பொறுப்பாக்க வேண்டி வருகிறது. திட்டம் இல்லை என்றால் யாரையும் நோக வழியில்லை. நோக ஒருவரும் இல்லாத துக்கம் இன்னும் பெரிய துக்கம். டார்வின் இரண்டாவதைச் சுமந்தார். கிரே முதலாவதைச் சுமந்தார். அவரவர் சுமை கனமானது என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள். அதனால்தான் ஒருவரை ஒருவர் ஏளனம் செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

பாட்டி அன்று ஏன் கோபித்துக்கொண்டாள் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. அவளும் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவள். கொட்டுகிற கை ஒரு குருவின் கையாக இருக்க வேண்டும் என்பது அவளுக்கு வெறும் கதை அல்ல. கூட்டை உடைத்தது பற்றி எனக்கு வருத்தம் இல்லை. உள்ளே இருந்தது உண்மைதான். உடைத்த கையோடு ஓடிப்போய் அவளிடம் சொன்னேனே, அதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

இன்று காலை அலமாரியைப் பார்த்தேன். கூட்டில் பக்கவாட்டில் ஒரு துவாரம். குஞ்சு பறந்துவிட்டது.